வந்த நிலத்தில் மலர்ந்தவை: பாபரின் தோட்ட வாழ்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப் பகுத்துரைத்தது தமிழ் இலக்கணம். அந்நிலத்தில் தோன்றும் மரமும் பூவும் புள்ளும் விலங்கும் கருப்பொருள் ஆயின. குறிஞ்சிக்கு வேங்கையும் காந்தளும், நெய்தலுக்குத் தாழையும் புன்னையும் என நம் முன்னோர் வகுத்த எல்லைகள் வெறும் பாட்டு மரபு அல்ல. எந்தச் செடி எந்த மண்ணில் உயிர் தரிக்கும் என்று கூர்ந்து கண்டவர்கள் வகுத்தவை. ஆயினும் தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு நெகிழ்ச்சிக்கும் இடம் வைத்தார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறொரு நிலத்தில் வந்து தோன்றுமாயின், அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்பது அவர் விதியின் கருத்தாகும்.

இவ்விதிக்கு வரலாற்றிலிருந்து ஒரு வாழ்வைச் சான்று காட்ட வேண்டுமாயின், முகலாயப் பேரரசை நிறுவிய ஜஹீருத்தீன் முஹம்மது பாபரின் வாழ்வை நாம் காட்டலாம். போர்க்களத்துப் பாபரைப் பாடநூல்கள் நமக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. குளிர்நாட்டுச் செடிகளைக் கொதிக்கும் சமவெளியில் வளர்க்க முயன்ற தோட்டக்காரர் பாபரை நம்மில் பலர் அறியோம். அவரை ஈண்டுக் காண்போம்.

பிறந்த மண்

இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள ஃபர்கானாப் பள்ளத்தாக்கில், அந்திஜான் நகரில், 1483ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாபர் பிறந்தார். தந்தை உமர் ஷேக் மிர்ஸா, தைமூரின் வழிவந்தவர். தாய் குத்லுக் நிகார் கானம், செங்கிஸ்கான் வழிவந்தவர். மலைகள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கு பழங்களுக்குப் பேர்பெற்றது. பனி உருகி ஓடும் ஆறுகளும், வேனிலில் கனியும் திராட்சையும் முலாம்பழமும் அவர் இளமைக் காட்சிகள்.

1494இல் தந்தை ஒரு விபத்தில் இறந்தார். பன்னிரண்டு வயதும் நிறையாத சிறுவர் அரியணை ஏறினார். அடுத்து வந்த ஆண்டுகள் அலைச்சலின் ஆண்டுகள். தைமூரின் தலைநகராகிய சமர்கந்தை அவர் மும்முறை வென்றார், மும்முறையும் இழந்தார். உஸ்பெக்கியத் தலைவர் ஷைபானிகானின் வலிமைக்கு முன் நிற்க இயலாமல், பிறந்த மண்ணையும் துறந்து தெற்கு நோக்கி நடந்தார். 1504இல் காபூல் அவர் வசமாயிற்று. இழந்த தாயகத்தின் ஏக்கம் அவர் நெஞ்சை விட்டு இறுதிவரை அகலவில்லை. அவ்வேக்கமே அவரைத் தோட்டக்காரர் ஆக்கியது என்று நாம் கருதுகின்றோம்.

காபூலில் கற்ற பாடம்

காபூலைப் பாபர் கண்ணும் கருத்துமாக ஆராய்ந்தார். மலையடிவாரங்களில் தானே பூக்கும் துலிப் மலர்களின் வகைகளை எண்ணச் சொல்லி, முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ என்று தம் நினைவுநூலாகிய பாபர்நாமாவில் பதிந்தார். அவற்றுள் ஒன்று ரோஜாவின் மணம் வீசுவதையும் குறித்தார். ஒரு மன்னர் படையினரின் எண்ணிக்கையைக் குறிப்பது இயல்பு. காட்டுப்பூக்களின் எண்ணிக்கையைக் குறிப்பது அரிது.

இஸ்தாலிஃப் என்னும் ஊரில் ஒரு பெருந்தோட்டம் இருந்தது. முன்னாள் ஆட்சியாளரும் தம் உறவினருமான உலுக்பேக் மிர்ஸா அதனை உரியவர்களிடமிருந்து வலிந்து பறித்திருந்தார். பாபர் அவ்வுரிமையாளர்களுக்கு விலை கொடுத்தே தோட்டத்தைப் பெற்றார். அதன் நடுவே தாறுமாறாக ஓடிய ஓடையை நேராக்கி ஒழுங்குபடுத்தினார். பிறர் நிலத்தைப் பறித்துச் சோலை அமைப்பது அறமாகாது என்னும் உணர்வு அவரிடம் இருந்தமைக்கு இது சான்று.

1508ஆம் ஆண்டளவில், இன்றைய ஜலாலாபாத் அருகே, பாகெ வஃபா என்னும் தோட்டத்தை அமைத்தார். காபூலைவிடத் தாழ்ந்த, வெப்பம் மிகுந்த இடம் அது. அங்கே நாரத்தையும் ஆரஞ்சும் மாதுளையும் செழித்தன. பின்னர்க் கரும்பை வருவித்து நட்டார். லாகூரை வென்ற ஆண்டில் வாழையையும் கொண்டு சென்று அங்கே நட்டார். இரண்டும் நன்கு வளர்ந்தன. அக்கரும்பிலிருந்து புகாராவுக்கும் பதக்ஷானுக்கும் அனுப்பிவைத்தார். நம் மருதநிலத்து வாழையும் கரும்பும் இவ்வாறு ஆப்கானிய மண்ணில் வேர்விட்டன. வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டுக்கு இட்டுச்சென்று வெற்றி கண்டவர், பின்னாளில் குளிர்நாட்டுச் செடியை வெப்பநாட்டுக்குக் கொணரத் துணிந்தார் என்பதை நாம் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆக்ராவின் வேனில்

1526 ஏப்ரலில் பானிப்பட்டுப் போர் நிகழ்ந்தது. இப்ராஹீம் லோதி வீழ்ந்தார். மே மாதத்தில் பாபர் ஆக்ராவை அடைந்தார். அவ்வாண்டு வெயில் மிகக் கடுமையாக இருந்தது. லூ எனப்படும் அனற்காற்றில் அவர் படைவீரர் பலர் மடிந்தனர். தளபதிகள் ஊர் திரும்ப விழைந்தனர். அவர்களுள் நெருங்கிய நண்பராகிய குவாஜா கலானும் ஒருவர். பாபர் அவையைக் கூட்டி, பல்லாண்டு உழைத்துப் பெற்றதை வெயிலுக்கு அஞ்சிக் கைவிடுவது தகாது என்று எடுத்துரைத்தார். பலர் தங்கினர், குவாஜா கலான் மட்டும் விடைபெற்றுச் சென்றார்.

இந்நாட்டைப் பற்றிப் பாபர் எழுதிய குறைகள் பலரும் அறிந்தவை. நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை என்று அப்பட்டியல் நீள்கிறது. வெப்பம், பெருங்காற்று, புழுதி ஆகிய மூன்றும் தம்மை வருத்தியதாகவும் எழுதினார். இக்குறிப்புகளை மட்டும் எடுத்துக்காட்டி, இந்நாட்டை அவர் வெறுத்தார் என்று கூறுவோர் உளர். அதே நூலில் இந்நாட்டின் பரப்பையும் செல்வத்தையும், மழைக்காலத்துக் காற்றின் இனிமையையும், எத்தொழிலுக்கும் குறைவின்றிக் கிடைக்கும் கைவினைஞரின் மிகுதியையும் அவர் புகழ்ந்திருப்பதை அன்னோர் காண்பதில்லை. குறை சொன்னவர் குறையோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் நோக்க வேண்டுவது. வெயிலை நொந்தவர், அவ்வெயிலிலேயே தோட்டம் அமைக்க இடம் தேடி யமுனையைக் கடந்தார்.

யமுனைக்கு அப்பால் ஒரு காபூல்

அக்கரையில் கண்ட நிலம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. வறண்டும் அழகற்றும் கிடந்த அதனைக் கண்டு மனம் சோர்ந்தார். அண்மையில் வேறு இடம் கிடைக்காமையால் அதனையே பண்படுத்தத் துணிந்தார். அவர் முதலில் செய்த பணி பூச்செடி நடுவதன்று, கிணறு வெட்டுவது. நீராடும் கூடத்துக்குரிய நீர் அக்கிணற்றிலிருந்து வந்தது. அடுத்து, புளியமரங்கள் நின்ற பகுதியைத் திருத்தி எண்கோணக் குளம் அமைத்தார். அதன்பின் பெரிய குளமும் மதிலும் கட்டடங்களும் எழுந்தன. இறுதியாகவே பூம்பாத்திகள் வந்தன. ஒவ்வொரு மூலையிலும் சிறு தோட்டங்கள் வகுத்து, அவற்றில் ரோஜாவையும் நர்கிஸ் மலரையும் அணியணியாக நட்டார்.

நீர், நிழல், மதில், பின்னரே மலர் என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. மதில் அனற்காற்றையும் புழுதியையும் தடுத்தது. கால்வாயிலும் குளத்திலும் இருந்து ஆவியாகும் நீர் சுற்றிலுமுள்ள காற்றைத் தணித்தது. நான்காகப் பகுக்கப்படும் சார்பாக் அமைப்பில் நடைபாதைகள் உயர்ந்தும் பாத்திகள் தாழ்ந்தும் இருக்கும். ஆதலின் பாய்ச்சிய நீர் வேரடியில் தங்கும். முற்றிய புளியமரத்தின் அடர்ந்த நிழலைப் பாபர் வியந்து எழுதியுள்ளார். நம் சாலையோரத்துப் புளியமரம், காபூலிலிருந்து வந்தவரின் தோட்டத்துக்குக் குடையாயிற்று.

நீர் இறைக்கும் முறைகளையும் அவர் உற்றுநோக்கினார். லாகூர், சிர்ஹிந்துப் பகுதிகளில் சக்கரத்தில் குடங்களைக் கோத்து இறைப்பதையும், ஆக்ராப் பகுதியில் எருதுகளைப் பூட்டித் தோற்சாலால் இறைப்பதையும் விரிவாக எழுதினார். பின்னது நம் ஊர்க் கமலையே. எருதின் கால்பட்டு அழுக்கேறிய வடம் மீண்டும் கிணற்றில் விழுகிறதே என்று அவர் முகம் சுளித்தார். ஆயினும் அவர் தோட்டங்களைப் பசுமையாக்கியது இந்நாட்டு உழவரின் நீரிறைப்பே அன்றோ!

பாபரைக் கண்டு அவருடைய பிரபுக்களும் ஆற்றங்கரையில் தோட்டங்கள் அமைத்தனர். அத்தகைய ஒழுங்கான அமைப்பை முன்பு கண்டிராத ஆக்ரா மக்கள், அக்கரைக்குக் காபூல் என்றே பெயரிட்டு அழைத்தனர். ஆக்ராவிலிருந்த தம் கட்டடங்களில் மட்டும் நாள்தோறும் 680 பேர் உழைத்ததாகவும், ஆக்ரா, சிக்ரி, பயானா, தோல்பூர், குவாலியர், கோயில் ஆகிய இடங்களில் 1491 கல்தச்சர் பணிபுரிந்ததாகவும் பாபர் கணக்குத் தருகின்றார். காபூல் என்று பெயர்பெற்ற அக்கரையை எழுப்பிய கைகள் இந்நாட்டுக் கைகளே.

தோல்பூரில் ஒரே பாறையைக் குடைந்து குளமும் கால்வாயும் அமைத்த தாமரைத் தோட்டம் அவர் கற்பனைக்கு மற்றொரு சான்று. மண்ணுக்குள் மறைந்து கிடந்த அதன் எச்சங்களை 1978இல் எலிசபெத் மொய்னிஹன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அடையாளம் கண்டார்.

பொழுது அறிந்து நடுதல்

ரோஜாவும் நர்கிஸும் ஆக்ராவில் பூத்தன. துலிப் பூத்ததாகச் செய்தி இல்லை. ஏன் என்பதற்கு இன்றைய தாவரவியல் விடை தருகின்றது. துலிப்பின் கிழங்குக்குள் பூ உருப்பெற்றாலும், பல வாரங்கள் தொடர்ந்த கடுங்குளிர் இருந்தாலன்றி அதன் தண்டு நீண்டு மலராது. ஆக்ராவின் குளிர்காலம் அதற்குப் போதாது. நர்கிஸின் தன்மை வேறு. கோடையில் அதன் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். குளிர்காலத்தில் விழித்துப் பூக்கும். வட இந்தியச் சமவெளியில் மார்கழி, தை மாதத்து இரவுகள் போதிய குளிர்ச்சி உடையவை. வெயிலை வெல்வதன்று, வெயில் இல்லாத பொழுதை அறிந்து பயன்கொள்வதே அச்செடியின் வாழ்க்கை முறை. ரோஜா கோடையைத் தாங்கும். ஆயினும் இதழ் குறைந்து நிறம் வெளிறிப் பூக்கும். குளிர்காலத்திலேதான் அதன் முழு அழகு வெளிப்படும். நிலம் மாறினாலும் பொழுதைப் பற்றிக்கொண்டு பிழைக்கும் செடிகள் இவை எனலாம்.

நர்கிஸ் என்று நம் இல்லங்களில் பெண்மக்களுக்குப் பெயரிடுகின்றோம். அம்மலரைக் கண்ணால் கண்டவர் நம்மில் சிலரே. பாபரும் மலர்ப்பெயர்களில் ஈடுபாடு உடையவர். அவர் மகளிர் மூவரின் பெயர்கள் குல்ரங், குல்சிஹ்ரா, குல்பதன் என்பன. ரோஜாவின் நிறம், ரோஜாவின் முகம், ரோஜாவின் மேனி என்பன அவற்றின் பொருள். அவர்களுள் குல்பதன் பேகம் ஹுமாயூன்நாமா என்னும் வரலாற்று நூலை எழுதிப் புகழ்பெற்றார்.

அரளியும் தாழையும்

தம் நாட்டு மலரை இங்கே நட்டதோடு பாபர் நிறைவடைந்திருந்தால், அவர் ஏக்கம் கொண்ட அயலவராகவே இருந்திருப்பார். அவர் இந்நாட்டு மலர்களையும் கற்றார். செம்பருத்தி, அரளி, தாழை, மல்லிகை ஆகியவற்றை அவற்றின் இதழமைப்பும் மணமும் தோன்ற வருணித்தார். மாங்கனியை இந்நாட்டின் சிறந்த கனியாக ஒப்புக்கொண்டார். 1528இல் குவாலியர் சென்றபோது அங்கே ஒரு தோட்டத்தில் ஆழ்ந்த செந்நிற அரளியைக் கண்டார். அதுவரை அவர் கண்டவை வெளிர்நிறத்தவை. அச்செவ்வரளியைக் கொணர்ந்து ஆக்ராத் தோட்டங்களில் நடுவித்தார். காபூல் ரோஜாவும் குவாலியர் அரளியும் ஒரே வாய்க்கால் நீரைப் பருகி வளர்ந்தன.

ஒரு முலாம்பழத்தின் செய்தி

ஆயினும் ஏக்கம் தணியவில்லை. 1529 பிப்ரவரியில், காபூல் பொறுப்பிலிருந்த குவாஜா கலானுக்குப் பாபர் நீண்ட மடல் ஒன்று எழுதினார். காபூலிலுள்ள தோட்டங்களை எவ்வாறு பேணவேண்டும், எங்கே இளமரங்கள் நடவேண்டும், ஓரங்களில் எத்தகைய நறுமண மலர்கள் வேண்டும் என்று அதில் கட்டளைகள் தந்தார். தமக்கு வந்த ஒரு முலாம்பழத்தை அறுத்து உண்டபோது கண்ணீர் பெருகியதையும் மறைக்காமல் எழுதினார். பேரரசை வென்றவர் ஒரு பழத்துண்டின் முன் அழுதார்.

கண்ணீரோடு அவர் நிற்கவில்லை. பல்கு நாட்டு முலாம்பழம் பயிரிட வல்ல ஒருவரை ஆக்ராவில் அமர்த்தியிருந்தார். எட்டுச் சுவர்க்கம் என்னும் பொருளில் ஹஷ்த் பிஹிஷ்த் எனப் பெயரிட்ட தம் தோட்டத்தில் திராட்சைக் கொடிகளையும் நடுவித்திருந்தார். கிழக்குப் போரை முடித்து 1529 ஜூனில் அவர் ஆக்ரா திரும்பியபோது, அத்தோட்டக்காரர் சில சிறு முலாம்பழங்களைக் கொணர்ந்து வைத்தார். கொடிகளிலும் நல்ல திராட்சை காய்த்திருந்தது. இந்துஸ்தானத்தில் இவை விளைந்தனவே என்று பாபர் உள்ளம் நிறைந்தார். ஃபிரோஸ்ஷா துக்ளக்கின் காலத்திலேயே தில்லியைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் இருந்தமையால், பாபரே முதன்முதல் விளைவித்தார் என்பது பொருந்தாது. அவருக்கு அது முதல் விளைச்சல் என்பதே பொருள். பிறந்த மண்ணின் சுவை, வந்த மண்ணிலிருந்தே கிடைத்தது. மூன்றாண்டுப் பொறுமையின் ஊதியம் சில சிறிய பழங்கள். அதனைப் பெரிதாக எண்ணத் தெரிந்தவரே தோட்டக்காரர்.

இறுதியும் அடக்கமும்

1530 டிசம்பர் 26ஆம் நாள் பாபர் ஆக்ராவில் காலமானார். ஆட்சி செய்தது நான்கரை ஆண்டுகளே. யமுனைக் கரைத் தோட்டத்திலேயே முதலில் அடக்கம் செய்யப்பெற்றார். சில ஆண்டுகள் கழிந்தபின் அவர் விருப்பப்படி உடல் காபூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மலைச்சரிவில் அவர் விரும்பிய தோட்டத்தில், வானமே கூரையாக அடக்கம் செய்யப்பெற்றது. 1990களின் உள்நாட்டுப் போரில் அத்தோட்டம் சிதைந்தது. 2002க்குப் பின் ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளை அதனைச் சீரமைத்து மீண்டும் மரங்கள் நட்டது.

பாபரின் போர்களில் பெருகிய குருதியை வரலாறு மறைக்கவில்லை. அவரே தம் நூலில் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டுவதில்லை. அவர் பெயரைச் சொன்னாலே சினமும் சார்பும் எழும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். புகழ்வதற்காகவோ பழிப்பதற்காகவோ அன்றி, ஒரு மனிதர் அந்நிய மண்ணோடு எவ்வாறு உறவு கொண்டார் என்பதை அறிவதற்காகவே நாம் இவ்வாழ்வை எடுத்துக்கொண்டோம்.

காட்டூருக்கும் இது பொருந்தும்

ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் ரோஜாத் தொட்டிகளை நம் காட்டூர்ப் பகுதி இல்லங்களின் வாயில்களில் காண்கின்றோம். மாசியில் பூத்துக் குலுங்குபவை சித்திரை வெயிலில் கருகுகின்றன. திருச்சிராப்பள்ளியின் கோடை 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். நம் மார்கழி இரவும் ஆக்ராவின் இரவைப் போல் குளிர்வதில்லை. ஆதலின் ஆக்ராவில் பூத்த நர்கிஸ் இங்கே பூக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. பாபரின் வரிசை நமக்கும் உதவும். முதலில் நீரும் நிழலும், பின்னர் மலர். காலை வெயில் படும் கிழக்குப் புறம், பிற்பகலில் வேம்பின் நிழல், வேரடியில் சருகு மூடாக்கு, மழைக்காலத்தை ஒட்டிக் கவாத்து ஆகியன இருந்தால் ரோஜா கோடையைக் கடக்கும். மலைநாட்டு வகைகளைவிட, நம் சமவெளி உழவர்கள் நெடுங்காலமாகப் பயிரிடும் பன்னீர் ரோஜாவும் எட்வர்டு ரோஜாவும் இவ்வெயிலைப் பொறுக்கும். அயலிலிருந்து வந்த ரோஜா இன்று ஸ்ரீரங்கத்துப் பூமாலையிலும் நத்தர்வலி தர்காவின் மலர்ப்போர்வையிலும் இடம்பெறுகின்றது. அதனை அயல்மலர் என்று எவரும் ஒதுக்குவதில்லை.

திருக்குர்ஆன் சுவர்க்கத்தைச் சோலையாகவும் ஓடும் ஆறுகளாகவும் காட்டுகின்றது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நட்டவர் எந்த ஊரார், உண்பவர் எந்த இனத்தார் என்னும் வேறுபாடு அப்போதனையில் இல்லை.

மாணவச் செல்வங்களே! படிப்பும் பணியும் உங்களைப் பல நிலங்களுக்கு இட்டுச்செல்லும். பாலைவனத்துக்குச் செல்வோரும் பனிநாட்டுக்குச் செல்வோரும் உங்களில் உண்டு. பிறந்த மண்ணின் சுவையை மறக்க வேண்டா. சென்ற மண்ணின் பொழுதை அறியாமலும் இருக்க வேண்டா. ரோஜாவை நட்ட கையாலேயே அரளியையும் நடுங்கள். அப்போதுதான் தொல்காப்பியர் பூவுக்கும் புள்ளுக்கும் வகுத்த விதி உங்களுக்கும் பொருந்துவதாகும்.